மூன்று நீண்ட விசில்

இதை நான் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன். வேறு காரணம் தேடவில்லை. அந்த நாளைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகையில் நான்கு வரிகள் வந்தன. அதில் என் பங்குக்குக் கிடைத்தது "பணியாளர்கள்" என்ற ஒரு சொல். அந்தச் சொல்லுக்குள் அன்று மூன்று பேர் இருந்தோம். எங்களில் ஒருத்தி நான்.

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் இருக்கிறோம். நான் வேலை செய்யும் நீச்சல் தடாகம் பக்கத்து ஊரில் இருக்கிறது. கூரையில்லாத, மே மாதம் திறந்து செப்டெம்பரில் மூடும் தடாகம். நீந்துவோருக்கு ஐம்பது மீற்றர் நீளத்தில் ஒன்று, சறுக்கி விழுபவர்களுக்கு ஒன்று, சிறு குழந்தைகளுக்கு முழங்கால் ஆழத்தில் ஒன்று. மூன்றையும் சுற்றிப் பெரிய புல்வெளி. புல்வெளியின் ஓரத்தில் வரிசையாக நெட்டை நெட்டையாகப் பொப்லர் மரங்கள். எட்டு ஆண்டுகள் நான் அங்கே துப்புரவு வேலை செய்தேன். ஒன்பதாவது ஆண்டில்தான் சிவப்பு ரீசேட்டும் விசிலுமாகத் தண்ணீர்க் கரையில் நின்றேன்.

நான் பிறந்த வீட்டிலிருந்து கடல் ஒரு மைல் தூரம். ஆனாலும் எனக்கு நீந்தத் தெரியாது. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகள் கணுக்கால் நனையும் வரைதான் கடலுக்குள் போனோம். இருபத்திரண்டு வயதில் கல்யாணம் செய்து ஜேர்மனிக்கு வந்தேன். கணவர் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இரண்டு மகள்களும் பள்ளிக்கூடத்திலேயே நீந்தப் பழகிக்கொண்டார்கள். எனக்கு அது தேவைப்படும் என்று யாருமே நினைக்கவில்லை, நான் உட்பட.

ஒரு நாள் குழந்தைகள் தடாகத்தின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வயதுக் குழந்தை ஒன்று தனது சிறிய பகுதியை விட்டு, பெரிய தடாகத்தின் படிகளில் இறங்கிச் சறுக்கி விழுந்தது. சத்தமே இல்லை. உயிர்காப்பாளர் ஒருவர் ஓடிவந்து தூக்கிவிட்டார். குழந்தை இருமி, அழுது, ஐந்து நிமிடத்தில் ஐஸ்கிறீம் சாப்பிட்டது. ஆனால் அவர் வந்து சேர்வதற்கு முன்பிருந்த அந்தச் சில வினாடிகள் எனக்கு மறக்கவில்லை. எல்லோரையும்விட அருகில் நின்றது நான். கையில் மொப்பைப் பிடித்தபடி நின்றேன். இறங்கினால் இரண்டு பேரைத் தூக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் குளிர்காலம் மூத்த மகள் என்னை உள்ளரங்கத் தடாகத்துக்குக் கூட்டிப்போனாள். அவளுக்கு அப்போது பதினேழு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வயிற்றுக்குக் கீழே கையை வைத்துத் தாங்கிக்கொண்டு, "தலையை விடுங்கோ அம்மா, தண்ணி தாங்கும்," என்பாள். எனக்குத் தலையை விட ஏலவில்லை. ஆறு ஞாயிறுகள் போனபிறகு விட்டேன். அடுத்த ஆண்டு தனியாகவே ஆயிரம் மீற்றர் நீந்தினேன். அதற்கடுத்த ஆண்டு உயிர்காப்பு நீச்சலில் வெள்ளிப் பட்டைக்குச் சோதனை எடுத்தேன். உடுப்போடு நீந்த வேண்டும், மூன்று மீற்றர் உயரத்திலிருந்து குதிக்க வேண்டும், தண்ணீரின் அடியில் கிடக்கும் ஐந்து கிலோ வளையத்தை மூழ்கி எடுக்க வேண்டும். முதல் தடவை வளையத்தில் தோற்றேன், காது வலி தாங்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன்.

கோயிலில் ஒரு அக்கா மிகவும் மெதுவாக, யாருக்கும் கேட்காத மாதிரி விசாரித்தா. ஆம்பிளையளுக்கு முன்னால் அப்படி உடுத்துக்கொண்டு நிற்கிறதோ என்று. "அரைக்காற்சட்டையும் ரீசேட்டும் போடுறன் அக்கா. கழுத்தில விசிலும் கிடக்கு," என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

நான் கரையில் நின்ற முதல் கோடையில்தான் அது நடந்தது. யூலை மாதம். மூன்று கிழமையாக மழை இல்லை. புல்வெளி வைக்கோல் நிறத்துக்கு மாறிவிட்டிருந்தது, வெறுங்காலோடு நடந்தால் குத்தும். புல்லுக்குத் தண்ணீர் அடிக்கக் கூடாது என்று நகரசபை சொல்லியிருந்தது. கரையின் சீமெந்துத் தரையில் பிள்ளைகள் துள்ளித் துள்ளித்தான் நடந்தார்கள். அன்று நுழைவாயிலில் தொங்கும் வெப்பமானி மதியத்துக்கு முன்பே முப்பத்தெட்டைத் தொட்டுவிட்டது. சனம் பஸ் தரிப்பிடம் வரை வரிசையில் நின்றது. உள்ளே இரண்டாயிரம் பேர் இருப்பார்கள் என்று எங்கள் மேற்பார்வையாளர் சொன்னார். நாங்கள் அவரை செஃப் என்போம், இங்கே அதற்குத் தலைவர் என்று அர்த்தம். முப்பது ஆண்டுகளாக அதே தடாகத்தில் நிற்பவர், ஒலிபெருக்கி இல்லாமலே அந்தக் கரைக்குக் கேட்கும் குரல் அவருக்கு.

நுழைவுச்சீட்டு கொடுக்கும் பெண் சூடான் நாட்டுக்காரி, கார்ட்டூமில் வளர்ந்தவள். இரண்டு பேரும் ஜேர்மன் மொழியைப் பிழையாகத்தான் பேசுவோம், ஆனால் அவளுடைய பிழைகள் வேறு, என்னுடைய பிழைகள் வேறு. அதனாலோ என்னவோ ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கிக்கொள்வோம். அவளுக்கு அந்த வெயில் பொருட்டில்லை. மற்றவர்கள் புழுங்கும்போது அவள் யன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருந்து தேநீர் குடிப்பாள். பாலைநிலத்து வெயிலைப் பற்றி அன்று காலை முதல் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். மழைக்காலத்துக்கு முந்திய மாதங்களில் அங்கே வெப்பம் வந்து ஊரின்மேல் குந்திவிடுமாம். பிறகு ஒரு பின்னேரம் காற்று சட்டென்று நின்றுவிடுமாம். அப்போது அவளுடைய தாய் கட்டில்களை முற்றத்திலிருந்து உள்ளே இழுப்பா, கதவுகளின் அடியில் ஈரத்துணி திணிப்பா. கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து மண்ணே ஒரு சுவராக எழும்பி வரும். பகல் செம்மண் நிறமாகிவிடும். அந்த மண் போன பிறகுதான் மழை. முதலில் மண், பிறகு தண்ணீர், இந்த ஒழுங்கு ஒருநாளும் மாறாது என்றாள்.

இரண்டரை மணிக்கு அவள் தன் இடைவேளையில் எனக்கு ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"காத்து நிண்டிட்டுது," என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். பொப்லர் இலைகள் இலேசான காற்றுக்கே சலசலக்கும், எட்டு ஆண்டுகளாக அந்தச் சத்தம் என் காதில் இருக்கிறது. அன்று அது இல்லை. நுழைவாயில் கட்டிடத்தின் கூரையில் கட்டியிருந்த கொடி துணி காயப்போட்டது போலத் தொங்கியது. மேற்கே பழைய நிலக்கரிச் சுரங்கத்துக் கழிவைக் கொட்டி உண்டான ஒரு குன்று இருக்கிறது. அதன் பின்னால் வானம் கொஞ்சம் அழுக்காகத் தெரிந்தது. இடிமழை மாலை ஆறு மணிக்குப் பிறகுதான் என்று காலையில் செஃப் தன் கைத்தொலைபேசியைப் பார்த்துச் சொல்லியிருந்தார். நான் அதை அவளுக்குச் சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பிப் போனாள்.

மூன்றரை மணியளவில் வாசல் வரிசையில் நின்ற ஒரு முதியவர் வெயிலில் மயங்கி விழுந்தார். செஃப் முதலுதவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சறுக்குத் தடாகத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவி கண்காணிப்பில் நின்றாள். பெரிய தடாகத்தில் நான். சிறிது நேரத்தில் வோக்கிரோக்கியில் செஃபின் குரல் வந்தது.

"நான் இவரை விட்டிட்டு வரேலாது. அம்புலன்ஸ் வரும்வரைக்கும் எல்லாத்துக்கும் நீங்கள்தான் பொறுப்பு."

சரி என்றேன். அதற்குப் பிறகு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. குன்றுக்கு அப்பால் ஏதோ உருண்டது. பாரவண்டியாக இருக்கலாம் என்று நினைத்தேன். தண்ணீருக்குள் கத்திக்கொண்டிருந்த யாருக்கும் அது கேட்கவில்லை. நான் எழுந்து நின்று குன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலில் மெல்லியதாக, நூல் போல ஒரு மின்னல் கீறிப் போனது.

எண்ணினேன். இங்கே வினாடிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று தொடங்குவார்கள், அந்தச் சொற்களைச் சொல்லி முடிக்கச் சரியாக ஒரு வினாடி எடுக்கும் என்பதால். பயிற்சியில் எனக்கும் அப்படித்தான் பழக்கினார்கள். இருபது வினாடிகளுக்குக் கொஞ்சம் மேலே போனபோது இடி கேட்டது. முப்பது வினாடிகளுக்குள் வந்தால் தண்ணீரில் ஒருவரும் இருக்கக் கூடாது. விதி அவ்வளவுதான். அதில் வெயில் எறித்தால் என்ற விதிவிலக்கு இல்லை.

செஃபைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அம்புலன்ஸ்காரரோடு நிற்கிறார் என்று விளங்கியது. தலைக்கு மேலே நீல வானம். தண்ணீரில் தலைக்கு மேல் தலை. இத்தனை பேரை இந்த வெயிலில் வெளியே எடுத்து, கடைசியில் மழையே வராமல் போனால் நாளைக்கு நான் மொப்புக்குத் திரும்பலாம் என்று ஒரு எண்ணம் ஓடியது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே விசில் என் வாயில் இருந்தது. மூன்று தரம், நீளமாக ஊதினேன்.

மாணவி அங்கிருந்து என்னைப் பார்த்தாள். உண்மையாகவோ என்று கையால் கேட்டாள். தலையை ஆட்டினேன். அவளும் ஊதினாள்.

சனம் வானத்தைப் பார்த்தது. சிலர் சிரித்தார்கள். ஒருவரும் அசையவில்லை. கண்காணிப்பு அறைக்குள் போய் ஒலிபெருக்கியின் மைக்கைக் கையில் எடுத்தேன். எட்டு ஆண்டுகளில் அந்த மைக்கைத் தூசு தட்டியிருக்கிறேன், பேசியதில்லை. ஜேர்மன் மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் டேர், டி, டாஸ் என்று ஏதாவது ஒன்று ஒட்ட வேண்டும். எனக்கு அது இன்றைக்கும் தடுமாறும். அதற்குப் பயந்தே பொது இடங்களில் வாய் திறக்க மாட்டேன். அன்று எதுவும் ஒட்டவில்லை. "இடி. எல்லோரும் வெளியே. இப்போதே," என்று மூன்று துண்டாகச் சொன்னேன். என் குரல் மூன்று தடாகங்களையும் தாண்டிப் புல்வெளியின் கடைசிவரை போய்த் திரும்பி என்னிடமே வந்தது. இன்னொரு தரம் சொன்னேன்.

அப்போது அசைந்தார்கள். ஏணிகளில் வரிசை வந்தது. நான் கரைக்கு ஓடிவந்தேன். நடுத்தர வயதுக்காரர் ஒருவர், மகளைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீரின் நடுவில் நின்றார். வெயில் எறிக்குது, யார் சொன்னது வெளியே வரச்சொல்லி, செஃபைக் கூப்பிடு என்று கேட்டார்.

"இப்ப செஃப் நான்தான்," என்றேன்.

அது திட்டமிட்டுச் சொன்ன வார்த்தையல்ல. உண்மை அதுதான், ஆகவே சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ரீசேட்டில் எழுதியிருந்ததை வாசித்தார். இரண்டாவது இடி எனக்காகப் பேசியது. மகள் அவர் தோளிலிருந்து தானே இறங்கி ஏணிக்கு நீந்திப் போனாள். அவர் பின்னால் வந்தார்.

கடைசியாக ஒரே ஒரு ஆள் தண்ணீரில் இருந்தா. ஒவ்வொரு நாளும் வந்து முதலாம் பாதையில் ஒரு கிலோமீற்றர் நீந்தும் வயதான அம்மா. காதில் அடைப்பான் போட்டிருந்தபடியால் விசிலும் கேட்கவில்லை, ஒலிபெருக்கியும் கேட்கவில்லை. நான் சுவர் ஓரம் முழங்காலில் இருந்து, அவ திரும்புவதற்காகச் சுவரைத் தொட்டபோது அந்தக் கையைப் பிடித்தேன். கண்ணாடியை உயர்த்தி, ஆளில்லாத தடாகத்தைப் பார்த்தா, வானத்தைப் பார்த்தா. ஏறி வந்து செருப்பைத் தேடினா.

ஆட்கள் வெளியே வந்தால் வேலை முடிந்துவிடாது, அடியைப் பார்க்க வேண்டும். வெயில் தெறிக்கும் தண்ணீரில் ஒரு பக்கமிருந்து பார்த்தால் பாதிதான் தெரியும். நான் ஐம்பது மீற்றரையும் சுற்றி நடந்து, இரண்டு கரையிலிருந்தும் பார்த்தேன். நீல ஓடுகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

பிறகுதான் திரும்பிப் புல்வெளியைப் பார்த்தேன். தண்ணீரைவிட்டு வந்த சனம் எல்லாம் தங்கள் துவாய்கள் கிடந்த இடத்துக்கே போயிருந்தது. நிழலுக்காக விரித்த துவாய்கள். எல்லாம் பொப்லர் மரங்களுக்குக் கீழே.

சூடான்காரி நுழைவாயில் பக்கமிருந்து ஓடிவந்தாள். யாரும் சொல்லாமலே அவள் சீட்டுக் கொடுப்பதை நிறுத்திவிட்டு இரண்டு பெரிய கேற்றையும் திறந்துவிட்டிருந்தாள், கார் உள்ளவர்கள் காருக்குப் போகட்டும் என்று. குன்றைக் காட்டினாள். அதன் பின்னால் இருந்த அழுக்கு இப்போது குன்றைவிட உயரமாகியிருந்தது. கீழ்ப்பகுதி பழுப்பு நிறம்.

"எங்கட ஊரில இதுக்குப் பிறகு பத்து நிமிஷம்தான்," என்றாள்.

உடுப்பு மாற்றும் கட்டிடத்துக்குள் பாதிப் பேர்கூட அடங்க மாட்டார்கள். ஆனால் அதன் பின்னால், முன்பு பள்ளிக்கூட வகுப்புகள் கூட்டமாக உடுப்பு மாற்றிய நீள மண்டபம் ஒன்று இருந்தது. பல ஆண்டுகளாக அது பாவனையில் இல்லை. பழைய சாய்கதிரைகளும் கயிறுகளும் போட்டு வைத்திருந்த இடம். ஒவ்வொரு வசந்தத்திலும் அதன் தரையைக் கழுவியவள் நான். அதன் சாவி சவர்க்காரங்கள் வைக்கும் அலுமாரிக்குப் பின்னால் ஒரு ஆணியில் தொங்குகிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஓடிப்போய் எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவளும் மாணவியும் கதவைத் திறந்து சாய்கதிரைகளை வெளியே இழுத்து எறிந்தார்கள்.

நான் மறுபடியும் மைக்குக்குப் போனேன். சாமான்களை விடுங்கள், பிள்ளைகளை மட்டும் கொண்டுவாருங்கள், மரத்துக்குக் கீழே நிற்க வேண்டாம், கட்டிடங்களுக்குள் வாருங்கள் என்று சொன்னேன். சொல்லும்போதே புல்வெளியின் தூரத்து மூலையில் ஒரு தமிழ்க் குடும்பம் கண்ணில் பட்டது. சேலை உடுத்த வயதான ஒரு அம்மா சாப்பாட்டுப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக மூடி அடுக்கிக்கொண்டிருந்தா. நான் மைக்கை விடவில்லை.

"மரத்துக்குக் கீழ நிக்காதேங்கோ. அதுகளை விட்டிட்டு உள்ள வாங்கோ. கெதியா வாங்கோ."

ரூர் பிரதேசத்து ஒரு நீச்சல் தடாகத்தில், இரண்டாயிரம் பேரின் தலைக்கு மேலே, யாழ்ப்பாணத் தமிழ் ஒலிபெருக்கியில் போனது. அந்த நேரம் அது எனக்கு விசித்திரமாகத் தெரியவில்லை. மூச்சு வாங்க ஓடிவந்த சூடான்காரி என் கையிலிருந்து மைக்கை வாங்கி அரபு மொழியில் சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் நெருப்புப் போலிருந்தது, மூன்று குடும்பங்கள் உடனே எழும்பின.

காற்று வந்தது. அவள் சொன்ன ஒழுங்கில்தான் வந்தது, முதலில் மண். மூன்று கிழமை காய்ந்த புல்வெளியும் கைப்பந்து மைதானத்து மணலும் ஒன்றாகக் கிளம்பி எங்கள் முகத்தில் அடித்தன. சறுக்கு மரம் கண்ணுக்குத் தெரியாமல் போனது. வெயில்குடைகள் தடாகத்துக்குள் போய் விழுந்தன. கடைசிச் சில பேரை மாணவியும் நானும் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினோம். கதவைச் சாத்தியபோது வெளியே ஒரு சத்தம் கேட்டது, இடியல்ல, மரம். மண்டபத்து யன்னலால் எல்லோரும் பார்த்தோம். ஒரு பொப்லரின் பாதி உடைந்து, துவாய்களும் குளிர்ப்பெட்டிகளும் கிடந்த இடத்தில் படுத்துக்கிடந்தது. இலைகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. பிறகு ஆலங்கட்டி விழத் தொடங்கிக் கூரையில் காது அடைத்தது.

இருபது நிமிடம் அடித்தது. ஈரமும் வெயில் களிம்பு மணமும் நிறைந்த அந்த மண்டபத்தில் நின்றுகொண்டு, எத்தனையோ பேருடைய பிள்ளைகளைப் பெற்றோரிடம் சேர்த்தோம். தமிழ்க் குடும்பத்து அண்ணை ஒருவர் கூட்டத்துக்குள்ளால் நெரிபட்டு என்னிடம் வந்தார்.

"நீங்களோ மைக்கில கதைச்சது?"

"ஓம் அண்ணை."

தன் மாமியாருக்கு ஜேர்மன் தெரியாது என்றார். வா வா என்று தாங்கள் இழுத்தும் பாத்திரத்தை விட்டுவர மாட்டேன் என்று நின்றாவாம். தமிழ் கேட்டதும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தாவாம். அந்தப் பாத்திரம் இப்போது மரத்துக்குக் கீழே. அவருக்குப் பின்னால் அந்த அம்மா நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. நன்றி ஒன்றும் சொல்லவில்லை. எந்த ஊர் பிள்ளை என்று கேட்டா. சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு என் ரீசேட்டின் தோளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டா.

ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை என்று உறுதியான பிறகுதான் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினேன். துப்புரவு அறைக்குள் போய் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தேன். சூடான்காரி வந்து கதவைச் சாத்தினாள். அவளுடைய புருவங்களில் மண் அப்பியிருந்தது. நான் அதைக் காட்டினேன். அவள் என் புருவத்தைக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தோம், நிறுத்த முடியாமல்.

மயங்கி விழுந்த முதியவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டு செஃப் வந்தார். முதியவர் கண்விழித்துப் பேசிவிட்டார், இனிப் பயமில்லை என்று செஃப் சொன்னார். பிறகு உடைந்த மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அதன் கீழே நசிந்து கிடந்த குளிர்ப்பெட்டிகளைக் குனிந்து பார்த்தார். பழைய மண்டபத்தை யார் திறந்தது, சாவி எங்கே இருந்தது என்று கேட்டார். ஆணியைக் காட்டினேன். இரண்டு ஆண்டுகளாகத் தேடுகிறேன் என்றார்.

நாளாந்தப் பதிவேட்டில் நடந்ததை எழுத வேண்டும். அது எப்போதும் அவர் வேலை. அன்று புத்தகத்தை என் முன்னால் வைத்துப் பேனையைத் தந்தார்.

"முடிவெடுத்தது நீங்கள். எழுத வேண்டியதும் நீங்கள்தான்."

நான் நீண்ட நேரம் எடுத்து எழுதினேன். முதலாவது இடி, விசில், கடைசி ஆள் தண்ணீரைவிட்டு ஏறியது, மண்டபம் திறந்தது, மரம் விழுந்தது. விசிலுக்கும் கடைசி ஆளுக்கும் இடையில் ஒன்பது நிமிடம். என் டேர், டி, டாஸில் பாதி பிழையாக இருந்திருக்கும். அவர் முழுவதையும் இருமுறை வாசித்தார். ஒரு சொல்லையும் திருத்தவில்லை. என் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டார். அந்தக் கோடை முடிந்தபோது முறையான தொழிற்பயிற்சிக்கான விண்ணப்பத்தை அவரே அச்செடுத்துக் கொண்டுவந்தார். இப்போது ஒன்றுவிட்ட கிழமைகளில் அந்தப் பதிவேட்டில் கீழ்க் கையெழுத்து என்னுடையது.

அன்று ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து நடந்ததைக் கணவருக்குச் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியை வைத்துவிட்டு, முதலிலிருந்து சொல்லு என்றார். சொன்னேன். அவர் எழுந்துபோய் ரொறன்ரோவில் இருக்கும் தன் தமையனுக்குத் தொலைபேசி எடுத்தார். குசினியிலிருந்து எனக்கு எல்லாம் கேட்டது. அவர் சொன்ன கதையில் காற்று இன்னும் கடுமையாக அடித்தது, மரம் இன்னும் பெரிதாக இருந்தது.

"இரண்டாயிரம் சனம் அண்ணை. இவள் ஒராள்," என்றார்.

மூன்று பேர் என்று இங்கிருந்து சத்தம் போட்டேன்.

"மூண்டு பேராம்," என்றார் தொலைபேசியில். "ஆனா முடிவு இவளின்ர."

பிறகு என்னிடம் தந்தார். மச்சான் அந்தப் பக்கத்திலிருந்து, பயமாக இருக்கவில்லையோ என்று கேட்டார். அந்த நேரம் இல்லை, பிறகுதான் வந்தது என்றேன். பிறகு தன்னுடைய மனிசியையும் பிள்ளைகளையும் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரித் தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, இன்னொருக்கால் சொல்லும்படி என்னைக் கேட்டார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. நான் காற்று நின்ற இடத்திலிருந்து தொடங்கினேன்.